130 ஆண்டுக்கு முந்தைய ஹாலந்தின் 'கலர் போட்டோ': அந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தது யார்?

பழைய படங்கள் விற்கும் ஆன்லைன் ஏலத் தளம் ஏதாவது ஒன்றில் 'ஹாலந்து, 1890-கள், கலர்' என்று தேடிப் பாருங்கள். மரக்காலணி போட்ட குழந்தைகள், வெள்ளை லேஸ் தொப்பி வைத்த பெண்கள், கால்வாய் ஓரத்துக் காற்றாலைகள், கடற்கரை மணலில் ஏற்றி நிறுத்திய மீன்பிடிப் படகுகள் என்று வரிசையாக வந்து விழும். வானம் இளநீலமாக இருக்கும். பாவாடை சிவப்பாக இருக்கும். ஓட்டுக் கூரை செங்கல் நிறத்தில் இருக்கும். பார்த்தவுடனே வாங்கத் தோன்றும்.

ஆனால் 1890-களில் கேமராவோடு ஊருக்குப் போய் கலரில் படம் எடுத்துவர வழியே கிடையாது என்று சொல்லலாம். சாதாரண போட்டோகிராபர் கடையில் வாங்கிப் பயன்படுத்தும் அளவுக்கு வந்த முதல் கலர் முறை, பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம். அப்படியென்றால் நாம் பார்க்கும் அந்த நீலமும் சிவப்பும் எங்கிருந்து வந்தன?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் இவற்றைச் சேகரிப்பதில் ருசி கூடுகிறது. ஏமாறாமல் வாங்கவும் அதுதான் உதவும்.

போட்டோதான், ஆனால் கல்லில் அச்சடித்தது

இந்தப் படங்களில் பெரும்பாலானவை 'போட்டோக்ரோம்' என்ற வகை. 1880-களில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில், ஓரெல் ஃபூஸ்லி என்ற பழைமையான அச்சகத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் யாகோப் ஷ்மிட் என்பவர் கண்டுபிடித்த முறை இது.

அச்சுக்கென்றே பயன்படும் வழவழப்பான சுண்ணாம்புக் கல் பலகை ஒன்றை எடுத்து, வெளிச்சம் பட்டால் இறுகும் ஒருவகைத் தாரை அதன்மேல் பூசுவார்கள். கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்வை அதன்மீது வைத்து வெயில் காட்டுவார்கள். கோடையில் பத்து முதல் முப்பது நிமிடம் போதும், குளிர்காலத்தில் பல மணி நேரம் ஆகும். வெளிச்சம் பட்ட அளவுக்குத் தார் இறுகிவிடும். இறுகாததை டர்பன்டைன் போன்ற திரவத்தால் கழுவினால், போட்டோ கல்லின் மேல் தங்கிவிடும்.

இப்போது நீலத்துக்கு ஒரு கல், மஞ்சளுக்கு ஒரு கல், சதை நிறத்துக்கு ஒரு கல். எந்தக் கல்லில் எந்தப் பகுதி இருக்க வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை ஒரு தொழிலாளி கையால் திருத்துவார். பிறகு ஒரே காகிதத்தை ஒவ்வொரு கல்லிலும், ஒரு மயிரிழை பிசகாமல் வைத்து அச்சடிக்க வேண்டும். ஒரு படத்துக்குக் குறைந்தது ஆறு கல் என்றாலும், பத்தைத் தாண்டுவது சகஜம்.

நமக்குப் பழக்கமான ஓர் உறவுக்காரர் இதற்கு உண்டு. ராஜா ரவி வர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வீடு வீடாகப் போன லட்சுமி, சரஸ்வதி படங்களும் 'நிறத்துக்கு ஒரு கல்' முறையில் அச்சானவைதான். அங்கே கல்லில் படத்தைக் கையால் வரைந்தார்கள். ஜூரிச்சில் போட்டோவே கல்லில் இறங்கியது. அதனால்தான் போட்டோக்ரோமில் முகச் சுருக்கமும் துணி மடிப்பும் அசல் போட்டோ போலவே தெரிகின்றன. நிறம் மட்டும் மனிதர் போட்டது.

இந்த முறைக்கான உரிமையை வாங்கிய அமெரிக்காவின் டெட்ராய்ட் போட்டோகிராஃபிக் கம்பெனி, விதவிதமான அச்சுகளை உச்சக்கட்டத்தில் ஆண்டுக்கு 70 லட்சம் வரை விற்றது. சுற்றுலாத் தலங்களிலும் தபால் ஆர்டரிலும் இந்தப் படங்கள் போய்ச் சேர்ந்தன. வெளிநாடு போன நடுத்தர வர்க்கத்துக்கு இது நினைவுப்பொருள். போக முடியாதவர்களுக்கு இதுவே பயணம்.

ஏன் எப்போதும் அதே சில ஊர்கள்?

ஹாலந்து போட்டோக்ரோம்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் போன்ற நகரங்களைத் தாண்டினால் மார்க்கன், வோலன்டாம், ஸ்கேவனிங்கன், ஸான்டாம் என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். (ஹாலந்து என்பது நெதர்லாந்தின் ஒரு பகுதிக்கான பெயர்தான். ஆனால் இந்தப் படங்களை விற்றவர்கள் நாடு முழுவதையும் ஹாலந்து என்றே அழைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை.)

மார்க்கன் அப்போது ஒரு தீவு. ஸைடர்ஸே என்ற உள்நாட்டுக் கடலில், வெள்ளத்துக்குப் பயந்து மேடுகளின் மேலும் மரக்கால்களின் மேலும் வீடு கட்டி வாழ்ந்த மீனவர்களின் ஊர். அதற்கு எதிர்க்கரையில் வோலன்டாம். மார்க்கன் புராட்டஸ்டன்ட், வோலன்டாம் கத்தோலிக்கம். நடுவில் கொஞ்சம் தண்ணீர்தான், ஆனால் உடை, தொப்பி எல்லாமே வேறு. இன்று உலகம் முழுக்க 'டச்சுப் பெண்' என்றால் நினைவுக்கு வரும் அந்தக் கூர்மையான லேஸ் தொப்பி, உண்மையில் வோலன்டாம் என்ற ஒரே ஊரின் தொப்பி.

இந்த ஊர்களுக்கு வெளியாட்கள் வரத் தொடங்கியதற்குக் காரணம், இவை பின்தங்கிப் போனதுதான். ஸைடர்ஸே வழியாக நடந்த பழைய கடல் வணிகம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. 1876-இல் ஆம்ஸ்டர்டாமை நேரடியாக வடகடலோடு இணைக்கும் கால்வாய் திறந்ததும் பெரிய கப்பல்களுக்கு இந்தப் பக்கம் வர அவசியமே இல்லாமல் போனது. அதற்குச் சற்று முன், 1874-இல், ஹென்றி ஹவார் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஸைடர்ஸேவின் 'செத்துப்போன நகரங்கள்' பற்றி ஒரு பயண நூல் எழுதினார். அது நன்றாகப் போனது. 1881-இல் வோலன்டாமில் ஸ்பான்டர் ஹோட்டல் திறந்தது. ஓவியர்கள் வந்து தங்கினார்கள், வாடகைக்குப் பதிலாக ஓவியம் கொடுத்தவர்களும் உண்டு. ஓவியர்கள் வந்த இடத்துக்கு கேமராவும் வந்தது.

ஆக, படம் எடுத்தவர்கள் தேடிப் போனது நெதர்லாந்தின் சராசரி வாழ்க்கையை அல்ல. 1890-களில் அந்த நாட்டில் ரயில், தொழிற்சாலை, நீராவிப் பம்பு எல்லாம் இருந்தன. வயலிலிருந்து தண்ணீர் இறைத்த காற்றாலைகளின் வேலையை நீராவி பறித்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் நாட்டில் இருந்த சுமார் பத்தாயிரம் காற்றாலைகளில் இன்று மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். விற்பனைக்கு வந்த படங்களில் காற்றாலைக்கு முதலிடம், நீராவிப் பம்புக்கு இடமே இல்லை என்பதுபோல. வாங்குபவர் என்ன பார்க்க விரும்பினாரோ அதையே கேமரா தேடிப் போனது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸைடர்ஸே கடலை அணை கட்டி மூடிவிடலாம் என்று கார்னெலிஸ் லேலி என்ற பொறியாளர் திட்டம் போட்டுக் கொடுத்தது 1891-இல். அதாவது மார்க்கன் மீனவர்கள் ஜூரிச் கம்பெனிக்காக வாசலில் நின்று போஸ் கொடுத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அவர்களுடைய கடலை மூடும் வரைபடம் தயாராகிவிட்டது. 1916 ஜனவரி வெள்ளத்தில் மார்க்கனில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். 1918-இல் திட்டம் சட்டமானது. 1932-இல் 32 கிலோமீட்டர் நீள அணை மூடப்பட்டு, உப்புக் கடல் நன்னீர் ஏரியாக மாறியது. கடல் மீன் போனது, அதை நம்பிய தொழிலும் போனது. 1957-இல் கரையிலிருந்து சாலை போட்டதும் மார்க்கன் தீவாகவும் இல்லை.

நிறத்தை நம்பலாமா?

எனக்குத் தெரிந்து, இந்தச் சேகரிப்பில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

ஜூரிச்சில் கல்லைத் திருத்திய தொழிலாளி அநேகமாக மார்க்கனைப் பார்த்திருக்க மாட்டார். போட்டோகிராபர் எழுதிக்கொடுத்த நிறக் குறிப்பு, அது இல்லாவிட்டால் தன் அனுபவம், அதற்கு மேல் எது விற்கும் என்ற கணக்கு. இவற்றை வைத்துத்தான் அவர் நிறம் போட்டார். பகலில் எடுத்த நெகட்டிவ்வையே கருநீலமாக்கி, வானத்தில் ஒரு நிலாவை வைத்து, 'நிலவொளியில்' என்று விற்ற போட்டோக்ரோம்களும் உண்டு. அந்த அளவுக்கு அவர்களுக்குச் சுதந்திரம் இருந்தது.

வானம் கொஞ்சம் கூடுதல் நீலமாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. உடையில் அப்படி இல்லை. நெதர்லாந்தின் பல கிராமங்களில் உடையின் நிறம் ஒரு மொழி. வீட்டில் சாவு விழுந்தால் முதலில் முழுக் கறுப்பு. பிறகு காலம் போகப் போக நீலம், ஊதா என்று படிப்படியாகத் துக்கம் குறைவதைத் துணி சொல்லும். கடைசியில்தான் சிவப்பும் பூப்போட்டதும் திரும்ப வரும். இறந்தவர் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைப் பொறுத்து இதற்கான காலமும் மாறும். தெருவில் எதிரே வரும் பெண்ணின் ஏப்ரனைப் பார்த்தே அவள் வீட்டில் என்ன நடந்தது, எவ்வளவு நாள் ஆகிறது என்று ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்வில் அந்த ஏப்ரன் ஒரு சாம்பல் நிறத் திட்டுதான். அதை ஜூரிச்சில் ஒருவர் படம் எடுப்பாக இருக்கட்டும் என்று சிவப்பாக்கினால், அண்மையில் பிள்ளையை இழந்த தாய்கூட துக்கமே இல்லாதவளாக மாறிவிடுவாள். கடலில் ஆள் போவது அபூர்வமில்லாத மீனவ ஊரில் இது நடந்திருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்ல முடியாது.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. என்கைசன் நகரின் ஸைடர்ஸே அருங்காட்சியகம், ஆர்னெமில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம் ஆகியவற்றில் அந்தக் கால உடைகளே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. மார்க்கன் ஊரிலேயே ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. படத்தில் இருக்கும் ரவிக்கையின் கோடும் பூவேலையும் எந்த உடையோடு பொருந்துகிறது என்று பார்த்து, அதன் அசல் நிறத்தை அச்சோடு ஒப்பிடலாம். வடிவத்தை நம்பலாம், நிறத்துக்குச் சாட்சி வேண்டும். நான் பின்பற்றும் விதி இது.

தலைப்பையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தொகுப்பில் 6,500-க்கும் மேற்பட்ட போட்டோக்ரோம்கள் இருக்கின்றன. அவற்றில் ஐரோப்பியப் படங்கள் பலவற்றின் ஆங்கிலத் தலைப்பு, டெட்ராய்ட் கம்பெனியின் 1905-ஆம் ஆண்டு விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்தது. வியாபாரிக்கு 'மார்க்கன் சிறுமிகள்' என்று எழுதினால் போதும். ஆனால் மார்க்கனில் ஆறு, ஏழு வயது வரை ஆண் பிள்ளைகளுக்கும் பாவாடைதான் கட்டிவிடுவார்கள். படத்தில் நிற்கும் 'சிறுமி' பையனாகவும் இருக்கலாம்.

எந்த வருடப் படம்?

நூலகப் பட்டியல்களில் இவற்றுக்குப் பொதுவாக 'சுமார் 1890 முதல் 1900 வரை' என்று போட்டுவிடுவார்கள். பத்து வருட இடைவெளி ஒரு தேதியே இல்லை. படத்துக்குள் இருக்கும் பொருட்களை வைத்து இதைக் குறுக்கலாம், துப்பறியும் வேலை போல.

இதற்கு ஸ்கேவனிங்கன் நல்ல உதாரணம். அது ஹேக் நகரத்தை ஒட்டிய கடற்கரை. ஒரு பக்கம் பணக்காரர்கள் பிரம்பு நாற்காலியில் காற்று வாங்குவார்கள், மறுபக்கம் மீனவர்கள் தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளை மணலில் இழுத்து ஏற்றுவார்கள். துறைமுகம் கிடையாது என்பதால் வேறு வழியில்லை. 1894 டிசம்பர் புயலில் மணலில் நின்ற படகுகள் பெரிய அளவில் நொறுங்கின. அதன்பிறகுதான் துறைமுகம் கேட்டு நெருக்கடி அதிகமாகி, 1904-இல் அது திறந்தது. கடலுக்குள் நீளும் நடைமேடை 1901-இல் வந்தது. ஆகவே மணலில் படகுகள் வரிசையாக நிற்கின்றன, நடைமேடை இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது என்றால், 1901-க்கு முந்தைய படம். நடைமேடை தெரிந்தால் பிந்தையது. பின்னால் தெரியும் பெரிய குர்ஹவுஸ் ஹோட்டல் 1886-இல் எரிந்து 1887-இல் மறுபடி எழும்பியது, அது கீழ் எல்லை.

ஆம்ஸ்டர்டாம் என்றால் 1889-இல் திறந்த சென்ட்ரல் ஸ்டேஷனைத் தேடுங்கள். டிராமைக் குதிரை இழுக்கிறதா, மேலே மின்கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே மின்சார டிராம் 1900-இல்தான் தொடங்கியது. ராட்டர்டாம் படங்களில் 1898-இல் முடிந்த பத்து மாடி 'வெள்ளை வீடு' நல்ல அடையாளம். ராட்டர்டாம் படங்களுக்கு வேறொரு மதிப்பும் உண்டு. 1940 மே 14 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் அந்த நகரத்தின் மையம் எரிந்துபோனது. படத்தில் இருக்கும் தெருக்களில் பல இன்று கிடையாது.

அசலா, நகலா?

இந்தப் படங்களுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்க நூலகம், ஜூரிச் மத்திய நூலகம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் போன்ற இடங்களில் போட்டோக்ரோம்களைத் தெளிவான ஸ்கேனாக இலவசமாகப் பார்க்கலாம். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றால் அங்கே இறக்கிப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள், காசு மிச்சம். சிக்கல் என்னவென்றால், அதே ஸ்கேனைப் பிரிண்ட் போட்டு 'பழைய அசல்' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போல. அசல் போட்டோக்ரோமை அதன் வழியாகப் பார்த்தால் ஒழுங்கில்லாத, மணல் தூவியது போன்ற பொடிப்பொடி நிறம் தெரியும். செய்தித்தாளிலும் புத்தகத்திலும் அச்சான படத்தில் புள்ளிகள் கட்டம் கட்டமாக, கோலப்புள்ளி மாதிரி வரிசையாக நிற்கும். இன்க்ஜெட் பிரிண்டில் மை தெளித்தது போல இருக்கும். ஆன்லைனில் வாங்குவதானால், ஏதாவது ஒரு முகத்தை மிக நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து கீழ் ஓரம். ஜூரிச் அச்சுகளில் ஓர் எண், 'பி. இசட்.' என்பதற்கான இரண்டு ரோமன் எழுத்துகள், ஊரின் பெயர் ஆகியவை பொன்னிற எழுத்தில் இருக்கும். படத்தைச் சாய்த்தால் மின்னும். ஸ்கேன் நகலில் அது வெறும் பழுப்பு. பிரேமுக்காக ஓரத்தை வெட்டியிருந்தால் எண் போய்விடும், மதிப்பும் குறையும். எண் இருந்தால் நூலகப் பட்டியலில் அதே அச்சைத் தேடி ஒப்பிடலாம். வழக்கமான அளவு சுமார் 16.5 × 22 செ.மீ. அதைவிடப் பெரியவை அரிது, விலையும் அதிகம்.

விலையைப் பொறுத்தவரை, சாதாரணக் காற்றாலை, கால்வாய்க் காட்சிகள் மாதச் சம்பளக்காரருக்கு எட்டாதவை அல்ல. லட்சக்கணக்கில் அச்சான பொருள் என்பதால் 'மிக அரிது' என்ற வார்த்தையைச் சந்தேகத்தோடு படியுங்கள். முதலீடு என்று நினைத்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கவரியும் சில நேரம் படத்தின் விலையைத் தொட்டுவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இந்த மைகள் ஓரளவு உறுதியானவை. காகிதமும், அதை ஒட்டியிருக்கும் பழைய அட்டையும் அப்படி அல்ல. அட்டையில் இருக்கும் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும், ஈரப்பதம் பூஞ்சைப் புள்ளி வைக்கும். சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர ஊர்களில் இரண்டாவது ஆபத்துதான் பெரிது. லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பிரேம் கடையில் 'நல்லா இருக்கும் சார்' என்று சொன்னாலும் பின்னால் பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். பிவிசி கவர் வேண்டாம், பாலியெஸ்டர் உறை அல்லது அமிலமில்லாத காகித உறை போதும். நேர் வெயில் படாத அலமாரியில் படுக்க வையுங்கள்.

படத்தின் பின்பக்கம் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம். குறிப்பை உறையின் மேல் எழுதுங்கள், அல்லது ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள். எண், அச்சில் இருக்கும் தலைப்பு, ஊர், வாங்கிய இடம், வருடத்தைக் குறுக்க உதவிய தடயம், இவற்றோடு இன்னொரு பத்தி: நிறம், எந்த உடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது. பெரும்பாலான வரிசைகளில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.